மண்ணீரலில் நீர்க்கட்டி

தோட்டத்தில் வாழ்ந்த நம் முன்னோருக்கு மண்ணீரல் வீக்கம் புதியதன்று. மலேரியா அடிக்கடி கண்ட பிள்ளைகளுக்கு இடப்பக்க விலாவின் கீழே வயிறு கெட்டியாக வீங்கும். அதைக் 'காய்ச்சல் கட்டி' என்பார்கள். 1901இல் கிள்ளானில் பணியைத் தொடங்கிய மால்கம் வாட்சன் என்ற மருத்துவர், தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று தொட்டுப் பார்த்தே அங்கே மலேரியா எவ்வளவு என்று கணக்கிட்டார். சிங்கப்பூரோ 1982இல் மலேரியா ஒழிந்த நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் இடப்பக்க வீக்கம் எல்லாமே மலேரியா அன்று. அரிதாக, மண்ணீரலில் நீர்க்கட்டியும் உண்டாகலாம். அதைப் பற்றி இன்று பார்ப்போம்.

மண்ணீரல் ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ள சிறிய உறுப்பு. மூப்படைந்த சிவப்பணுக்களை அகற்றுவதும், இரத்தத்தில் புகும் கிருமிகளை வடிகட்டி அழிப்பதும் அதன் வேலை.

நீர்க்கட்டி மூன்று வகையில் வரலாம். ஒன்று, பிறவியிலேயே அமைவது. இரண்டாவது, அடிபட்டு உள்ளே கசிந்த இரத்தம் கரைந்து நீராவது. மேட்டில் சறுக்கி விழுந்ததை நாம் மறந்து பல மாதங்கள் கழித்தும் இது தெரிய வரலாம். மூன்றாவது, நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை நம் வயிற்றுக்குள் போவதால் வருவது. ஆகவே நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆட்டின் பச்சை ஈரல், குடல்களை நாய்க்குப் போடக் கூடாது.

சிறிய கட்டி பெரும்பாலும் தொல்லை தராது. வளர்ந்தால் இடப்பக்கம் கனக்கும். சில நேரம் இடது தோளும் வலிக்கும். கொஞ்சம் உண்டதுமே வயிறு நிறைந்துவிடும். அப்போது 'குடலேற்றம்' என்று வயிற்றை உருவிவிடக் கூடாது. கட்டி உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு காலத்தில் தென்னந்தோப்புகள் இருந்த பிடோக் இன்று அடுக்குமாடி வீடுகளின் நகர். அங்கே பலதுறை மருந்தகத்துக்குப் போனால், மருத்துவர் தொட்டுப் பார்த்து, தேவையானால் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார். கிழக்குப் பகுதி மக்களுக்குச் சீமெய்யில் சாங்கி பொது மருத்துவமனை இருக்கிறது. ஸ்கேன் படம் கட்டியின் அளவையும் இடத்தையும் காட்டும். புழுவால் வந்ததா என்று அறிய இரத்தப் பரிசோதனையும் உதவும். அதற்கு முன் ஊசியால் குத்திவிடக் கூடாது. புழுக்கட்டியின் நீர் சிந்தினால் கடும் ஒவ்வாமை உண்டாகும். புழுவும் வயிற்றுக்குள் பரவும்.

சுமார் 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த, தொல்லையில்லாத சாதாரணக் கட்டியைக் கவனித்து வந்தாலே போதும். பெரிதானால், வலி தந்தால் அறுவை செய்வார்கள். முன்பு மண்ணீரல் முழுவதையும் எடுத்துவிடுவதே வழக்கம். மண்ணீரல் எடுக்கப்பட்ட குழந்தைகளைக் கடுமையான தொற்று தாக்கியதை 1952இல் கிங், ஷூமேக்கர் என்ற அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அதன் பிறகே அந்த உறுப்பின் அருமை நன்கு விளங்கியது. ஆகவே இப்போது, முடிந்தவரை, சிறு துளைகள் வழியே கருவியைச் செலுத்திக் கட்டியின் மேற்சுவரையோ, கட்டியுள்ள பகுதியையோ மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். மேற்சுவரை மட்டும் எடுத்தால் கட்டி திரும்ப வரலாம் என்பதால் பிறகும் ஸ்கேன் பார்ப்பார்கள். கால் பங்கு மண்ணீரல் நின்றாலும் அது பெரும்பாலும் தன் வேலையைச் செய்யும்.

முழுவதும் எடுக்க நேர்ந்தால், நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கான தடுப்பூசிகளை அறுவைக்கு இரண்டு வாரமாவது முன்பே போடுவது நல்லது. அவசர அறுவையானால் பிறகு போடுவார்கள். அத்தகையவருக்குக் காய்ச்சல் கண்டால் கஷாயம் வைத்துக் காத்திருக்கலாகாது. அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போய், "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று முதலில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கும். வீட்டிலுள்ள எல்லோரும் இதை நினைவில் வைத்திருப்போம்.