மணியும் வருவான் லண்டனுக்கு!

குழந்தைகளே! அப்பாவுக்கு லண்டனில் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஜூன் 1-ம் தேதி குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் தயார். நீங்கள் துணிகளை அடுக்கிக் கொண்டிருக்கும்போது உங்கள் வீட்டு நாய் மணி, வாலை ஆட்டியபடி வந்து பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து கொள்கிறான். "அப்பா, மணியும் நம்மோடு வரலாம்தானே?" என்று கேட்கிறீர்கள்.

இந்தக் கேள்வியை மே மாதக் கடைசியில் கேட்டால், "இப்போது முடியாது" என்பதுதான் பதில். இதையே ஜனவரி மாதத் தொடக்கத்தில் கேட்டிருந்தால், "தாராளமாக வரலாம்!" என்று பதில் கிடைத்திருக்கும். நமக்கு விசா சில வாரங்களில் வந்துவிடலாம். ஆனால், நாய்க்கு மாதக் கணக்கில் ஆகும். ஏன் தெரியுமா?

கண்ணுக்குத் தெரியாத பயணி

காரணம் ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய். இந்த நோயுள்ள நாய் கடித்தால், அதன் எச்சில் வழியாக வைரஸ் உடம்பில் புகும். பிறகு நரம்புகள் வழியாக மெல்ல மெல்ல மூளையை நோக்கி நகரும். மூளையை அடையும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. இதற்குப் பெரும்பாலும் 2 அல்லது 3 மாதங்கள் ஆகும். சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். அறிகுறி தெரிந்துவிட்டால், அப்புறம் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நோய்க் கிருமி உடம்பில் புகுந்த ஒரு நாய், ஆரோக்கியமாகத் துள்ளிக் குதித்துக் கொண்டே விமானம் ஏறிவிட முடியும். அந்த நோயே இல்லாத நாட்டில் போய் இறங்கினால் என்ன ஆகும்?

பிரிட்டன் கற்ற பாடம்

நான்கு புறமும் கடல் சூழ்ந்த பிரிட்டன் தீவு, 1902-ம் ஆண்டில் ரேபிஸை ஒழித்தது. ஆனால், 1918-ல் அது மறுபடியும் தலைகாட்டியது. முதல் உலகப் போருக்குப் போன சிப்பாய்கள், அங்கே ஆசையாக வளர்த்த நாய்களைச் சட்டத்துக்குப் புறம்பாக ஊருக்குக் கொண்டு வந்ததே இதற்குக் காரணம் என்கிறார்கள். அதை மீண்டும் ஒழிக்க 1922 வரை பாடுபட வேண்டியிருந்தது.

அதனால்தான் பிரிட்டன் ஒரு கண்டிப்பான சட்டம் வைத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்த நாயும் 6 மாதம் தனிக் கூடத்தில் கூண்டுக்குள் இருக்க வேண்டும். செலவு நாயின் சொந்தக்காரருடையது. வீட்டுக்காரர்கள் போய்ப் பார்க்கலாம். ஆனால், கூட்டி வர முடியாது. 6 மாதம் என்பது நமக்கு அரைப் பரீட்சை வரையிலான படிப்பு. ஒரு குட்டி நாய்க்கோ, அது வளர்ந்து பெரிதாகும் காலம்!

1997-ல் ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் கவர்னராக இருந்தவர் கிறிஸ் பேட்டன். பதவிக்காலம் முடிந்து திரும்பியபோது, அவருடைய இரண்டு செல்ல நாய்களும் பிரிட்டனுக்கு வரவில்லை. பிரான்சில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போய்விட்டன. கவர்னர் வீட்டு நாய்களுக்கும் சட்டம் ஒன்றுதான்!

2000-ம் ஆண்டு பிப்ரவரியில் இந்த நிலை மாறத் தொடங்கியது. தடுப்பூசி போட்டு, ரத்தப் பரிசோதனையும் செய்த நாய்கள், குறிப்பிட்ட சில நாடுகளிலிருந்து நேராக வரலாம் என்றார்கள். 2012 ஜனவரி 1-ம் தேதியிலிருந்து இந்தியா போன்ற நாடுகளின் நாய்களுக்கும் வழி திறந்தது. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். காத்திருப்பது ஒழியவில்லை, காத்திருக்கும் இடம்தான் மாறியது. முன்பு நாய்கள் அந்நிய நாட்டுக் கூண்டில் காத்திருந்தன. இப்போது தங்கள் வீட்டிலேயே, உங்கள் மடியிலேயே காத்திருக்கலாம். முன்கூட்டியே தொடங்கினால் போதும்!

மணிக்கு என்னென்ன வேண்டும்?

முதலில் மைக்ரோசிப். அரிசி அளவே உள்ள இதை, கால்நடை டாக்டர் ஊசி மூலம் கழுத்துத் தோலுக்குக் கீழே வைப்பார். அதில் 15 இலக்க எண் இருக்கும். ஸ்கேனரைக் காட்டினால் எண் தெரியும். இதுதான் மணியின் அடையாள அட்டை.

அடுத்தது ரேபிஸ் தடுப்பூசி. இங்கே வரிசை முக்கியம். சிப் வைத்த பிறகுதான், அல்லது அதே நாளில்தான் ஊசி போட வேண்டும். ஊசி போட்டுவிட்டுப் பிறகு சிப் வைத்தால், அந்த ஊசி கணக்கில் சேராது. ஊசி போட்டுக் கொண்டது இந்த நாய்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டாமா? நாய்க்குட்டிக்கு 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும்.

ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. மணியின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். ஒரு மில்லிக்கு 0.5 யூனிட் இருக்க வேண்டும். இதுதான் பாஸ் மார்க்!

பாஸானாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் பொறுக்க வேண்டும். ஊசிக்கு முன்பே கிருமி புகுந்திருந்தால், பெரும்பாலும் அது இந்தக் காலத்துக்குள் வெளிப்பட்டுவிடும்.

கடைசியாக, லண்டனில் இறங்குவதற்கு 1 முதல் 5 நாட்களுக்குள் நாடாப்புழு மருந்து கொடுக்க வேண்டும். உடல்நலச் சான்றிதழும் வேண்டும்.

சரி, ஒரு கணக்குப் போடுவோமா? ஜனவரி 25-ல் சிப்பும் ஊசியும். 30 நாள் கழித்து, பிப்ரவரி 24-ல் ரத்தப் பரிசோதனை. அதிலிருந்து 3 மாதம் என்றால் மே 24. ஜூன் 1-ம் தேதி விமானத்துக்கு ஒரு வாரம்தான் மிச்சம்! ஊசி பத்து நாள் தள்ளிப் போயிருந்தாலும் மணி இங்கேயே நிற்க வேண்டியதுதான்.

கூண்டுக்குள் விளையாட்டு

பிரிட்டன் செல்லும் பயணிகள் விமானங்களில் செல்ல நாய் நம் பக்கத்து இருக்கையில் வர முடியாது. கீழே சரக்கு வைக்கும் பகுதியில்தான் வரும். பயப்படாதீர்கள்! விலங்குகளை ஏற்றும் அந்த அறையில், மேலே நமக்கு இருப்பது போலவே காற்றழுத்தமும் ஏற்ற வெப்பமும் இருக்கும். கூண்டுக்குள் மணி தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். தண்ணீர்க் கிண்ணமும் வேண்டும்.

இங்கேதான் உங்கள் உதவி தேவை. பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே கூண்டை வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். அதற்குள்ளேயே சோறு வையுங்கள். மணியின் பழைய விரிப்பைப் போடுங்கள். முதலில் கதவைத் திறந்தே வையுங்கள். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மூடிப் பழக்குங்கள். கூண்டு அவனுக்குத் தன் அறை மாதிரி ஆகிவிடும்.

'தூங்க மருந்து கொடுத்துவிடலாமே' என்று சிலர் நினைப்பார்கள். கூடாது. வானத்தில் பறக்கும்போது அது மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கலாம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சாதாரணமாகவே மூச்சுவிடச் சிரமம். அதனால் பல விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்றுவதில்லை.

நடிகர் வீட்டு நாய்கள்

சட்டத்தை மீறினால் என்ன ஆகும்? 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப், சினிமா படப்பிடிப்புக்காக ஆஸ்திரேலியா போனார். பிஸ்டல், பூ என்ற அவர் வீட்டுக் குட்டி நாய்கள் இரண்டும், அரசுக்குத் தெரிவிக்கப்படாமலே தனி விமானத்தில் வந்து இறங்கின. ஆஸ்திரேலிய நாய்களிடம் ரேபிஸ் கிடையாது. அங்கே சட்டம் மிகக் கண்டிப்பு. இந்தியாவிலிருந்து நாயை நேராக அங்கே கொண்டு போகவே முடியாது! விஷயம் தெரிந்ததும், "நாய்களைத் திருப்பி அனுப்புங்கள், இல்லாவிட்டால் அவை கொல்லப்படும்" என்றார் விவசாய அமைச்சர். அவசரம் அவசரமாக இரண்டும் அமெரிக்கா திரும்பின. தப்பு செய்தவர்கள் மனிதர்கள். உயிருக்கு ஆபத்து வந்ததோ நாய்களுக்கு!

கூட்டிப் போக முடியாவிட்டால்?

நாய்க்கு வயதாகியிருக்கலாம். பயணம் தாங்காது என்று டாக்டர் சொல்லலாம். செலவும் அதிகம். அப்போது சிலர் கிளம்பும் நாளில் நாயைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். இதைவிடக் கொடுமை வேறில்லை. வீட்டில் வளர்ந்த நாய்க்கு இரை தேடத் தெரியாது. தெரு நாய்கள் அதைத் துரத்தும். பூட்டிய கதவின் முன்னால் அது பல நாள் காத்துக் கிடக்கும். ஆகவே தாத்தா வீடோ, அத்தை வீடோ, நாய்மேல் பிரியமுள்ள அண்டை வீடோ, முன்பே பார்த்து வையுங்கள். புது வீட்டுக்கு அடிக்கடி கூட்டிப் போய்ப் பழக்குங்கள். அங்கே அது நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு நீங்கள் கிளம்பலாம்.

வெளிநாடு போகாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டு நாயின் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இந்த வருட ரேபிஸ் ஊசி போட்டாயிற்றா? இல்லையென்றால் அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். எந்த நாயாவது கடித்தாலோ, பிராண்டினாலோ மறைக்காதீர்கள். அந்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேதி பார்க்க நாய்க்குத் தெரியாது. அதற்காக நாள்காட்டியைப் பார்க்க வேண்டியது நாம்தான்!