ஓசூருக்கு வந்த கடிகாரம்

பின்தங்கிய ஜில்லாக்களுக்கு யந்திரத் தொழில்களை வரவழைக்கச் சர்க்கார் முயல்வது நியாயமே. நிலமும் மின்சாரமும் வரிச் சலுகையும் கிடைத்தால் முதலாளிகள் வருவார்கள். வந்த பிறகு அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்பதன்றோ நாம் கேட்க வேண்டிய கேள்வி?

இதற்கு ஓசூர் நல்ல உதாரணம். பழைய தருமபுரி ஜில்லாவின் எல்லையில், பெங்களூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் அது. 1971-இல் தோன்றிய 'சிப்காட்' ஸ்தாபனம் அங்கே நிலத்தைச் சீர்திருத்தி, சாலையும் நீரும் அமைத்துத் தொழில்களை அழைத்தது. சர்க்காரின் 'டிட்கோ'வும் டாட்டா குழுவினரும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் கம்பெனி, தன் கடிகாரத் தொழிற்சாலையை அங்கேதான் நிறுவியது. தேர்ந்த தொழிலாளிகளை வெளியூர்களில் மட்டும் தேடாமல், பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்து இளைஞர்களையும் பெண்களையும் சேர்த்துப் பயிற்சி அளித்தது. ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளைகளின் விரல்கள், கடுகினும் சிறிய உறுப்புகளைப் பொருத்தக் கற்றன.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம் சர்க்காரிடம் வேண்டுவது இதுதான்: ஒப்பந்தத்தில் இத்தனை ஏக்கர் நிலம் என்று எழுதும்போதே, உள்ளூர்ப் பிள்ளைகள் இத்தனை பேருக்குப் பயிற்சி என்றும் எழுதுங்கள். நிலத்தைக் கொடுத்த கிராமம், வாயிற்காவல் உத்தியோகத்தோடு திருப்தியடைய வேண்டுமா?