அனல்மின் நிலையத்தின் அனுமதியை எதிர்த்து ஒரு வழக்கு

அமெரிக்காவில் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையம் கட்ட வேண்டுமானால், வேலை தொடங்கும் முன்பே காற்று மாசு அனுமதி வாங்கியாக வேண்டும். பெரும்பாலும் மாநிலச் சுற்றுச்சூழல் துறைதான் அதைத் தருகிறது. புகைபோக்கி வழியாகக் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு போகலாம், நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு, நுண்துகள் எவ்வளவு என்று வரம்பு கட்டும் ஆவணம் அது. அந்த வரம்பு போதாது என்று கருதும் பொதுமக்கள் எதிர்த்து வழக்காடலாம்.

காற்று இன்னும் கெடாத பகுதியில் பெரிய ஆலை வந்தால், கிடைப்பதிலேயே சிறந்த மாசுக் கட்டுப்பாட்டு முறையைப் பொருத்த வேண்டும் என்று தூய காற்றுச் சட்டத்தில் 1977இல் சேர்த்தார்கள். எது சிறந்தது என்பதை அதிகாரிகள் ஆலைக்கு ஆலை தீர்மானிக்கிறார்கள். பல வழக்குகள் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

அனுமதியைப் படிப்பவர் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அது எத்தனை நாள் சராசரி என்றும் பார்க்க வேண்டும். 30 நாள் சராசரி என்றால், ஒரே நாளில் கக்கிய கடும் புகை மற்ற நாட்களின் கணக்கில் கரைந்துவிடும். ஆஸ்துமா உள்ள குழந்தை சராசரியையா சுவாசிக்கிறது? அன்றைய காற்றைத்தான்.

இதையெல்லாம் சொல்ல வேண்டிய நேரம், வரைவு அனுமதி வெளியானதும் மக்கள் கருத்துக்கு ஒதுக்கப்படும் குறைந்தது 30 நாட்கள். அப்போது எழுத்தில் தெளிவாகச் சொல்லாத ஆட்சேபத்தைப் பிறகு எழுப்பினால் பொதுவாக எடுபடாது. என் பார்வையில், பாதி வழக்கு இந்த நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது.

உதாரணமாக, ஜார்ஜியா மாநிலத்தின் எர்லி கவுண்டியில் 1,200 மெகாவாட் லாங்லீஃப் அனல்மின் நிலையத்துக்கு 2007இல் அனுமதி கிடைத்தது. சட்டஹூச்சி ஆற்றைக் காக்கும் அமைப்பொன்றும் சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் வழக்குப் போட்டன. பசுமைக்குடில் வாயுக்களும் தூய காற்றுச் சட்டப்படி மாசுதான் என்று அதே 2007இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதை முன்வைத்து, கார்பன் டை ஆக்சைடைக் கணக்கில் எடுக்காத அனுமதி செல்லாது என்று 2008 ஜூனில் ஃபுல்டன் கவுண்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. ஆனாலும் வழக்கு ஓயவில்லை. ஆண்டுகள் ஓடின, இடையில் இயற்கை எரிவாயு விலையும் சரிந்தது. கடைசியில் 2011 டிசம்பரில், சியரா கிளப்புடன் செய்த உடன்பாட்டில் நிலையத்தைக் கட்டவிருந்த நிறுவனம் திட்டத்தையே கைவிட்டது. கார்பன் வாதம் தோற்றது, ஆலையும் வரவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் ஆலை வரம்பை மீறினால் வழி வேறு. 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்தின் 304ஆம் பிரிவுப்படி எந்தக் குடிமகனும் வழக்குத் தொடரலாம். பொதுவாக 60 நாட்களுக்கு முன்பே மத்திய சுற்றுச்சூழல் முகமைக்கும் மாநிலத்துக்கும் ஆலைக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதற்குள் அரசே நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு முனைப்பாக நடத்தினால், குடிமக்கள் தனி வழக்குப் போட முடியாது. அரசின் வழக்கில் சேர்ந்துகொள்ளலாம். விதிக்கப்படும் அபராதம் வழக்குப் போட்டவர் கைக்கு வராது, கருவூலத்துக்குப் போகும். ஆனால் அவருடைய வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பு தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட முடியும். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால், ஆலைப் பக்கத்தில் குடியிருக்கும் சாமானியர் ஒரு மின் நிறுவனத்தை எதிர்த்து நீதிமன்றப் படி ஏறுவது நடக்கிற காரியமில்லை.