பள்ளி மணி அடித்த பிறகு

ஜூன் 26 வந்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் வரிசையில் நின்று, வலது கையை நீட்டி, போதைக்கு எதிராக உறுதிமொழி எடுக்கிறார்கள். ஊர்வலம் போகிறார்கள். ஓவியப் போட்டி நடக்கிறது. சிறப்பு விருந்தினர் ஒருவர் கெட்டுப்போன ஈரல் படத்தைக் காட்டிப் பேசுகிறார். மறுநாள் வழக்கமான பாடம். எந்த ஊருக்கும் இது போதாதுதான். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் அந்தப் போதாமை உறைக்கிறது. அங்கே வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில், சாராயம் காய்ச்ச வைக்கும் ஊறல் என்றால் என்ன, அதில் வெல்லத்தோடு எந்தப் பட்டை சேரும், ரெய்டு வந்தால் யார் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்பதெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் காதில் எப்போதோ விழுந்த சங்கதி. அந்தப் பிள்ளையிடம் போய், சாராயம் கெடுதல் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவது கல்வி ஆகாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காவல் நிலையமும் நீதிமன்றமும் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் விற்ற பாக்கெட் சாராயத்தைக் குடித்து 65-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், பெண்களும் உண்டு. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், படிப்புச் செலவும் தருவதாக அரசு அறிவித்தது. மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. வேண்டியவைதான். எல்லாம் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பிய பிறகு நடந்தவை.

கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் திரவம். உடலுக்குள் போனதும் அது ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. முதலில் தாக்கப்படுவது கண் நரம்பு. பத்து மில்லி பார்வையைப் பறித்துவிடலாம். முப்பது மில்லி உயிரையே எடுத்துவிடலாம். முகர்ந்தோ ருசித்தோ சாதாரணச் சாராயத்திலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கார்பன் சேர்மங்கள் பாடத்தில் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் எடுக்கும் முறை இருக்கிறது. மலையேறும் வழியில் கச்சிராயபாளையத்திலேயே கூட்டுறவு சர்க்கரை ஆலை நிற்கிறது. அதே புத்தகத்தில் உடல்நலமும் நோய்களும் பற்றிய பாடத்தில் குடி, புகையிலை, போதைப்பொருள் பற்றியும் உண்டு. இரண்டும் தேர்வுக் கேள்வியாகக் கடந்துபோகின்றன. ஒரு வேதியியல் ஆசிரியர் கருணாபுரத்தைப் பெயர் சொல்லி, அந்த இரண்டு பாடங்களையும் ஒரே வாரத்தில் சேர்த்து நடத்தினால் போதும். பிள்ளைகள் வீட்டில் போய்ப் பேசுவார்கள். இதற்குத் தனித் திட்டமோ நிதியோ தேவையில்லை.

ஆனால் தகவல் மட்டும் யாரையும் காப்பாற்றியதில்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகம் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, போதைத் தடுப்புக்கான தரநிலைகளை 2013-ல் வெளியிட்டு, 2018-ல் உலக சுகாதார அமைப்போடு சேர்ந்து திருத்தியது. எது பலன் தராது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது: பயமுறுத்தும் பேச்சு, தகவலை மட்டும் கொட்டும் வகுப்பு, குடித்துத் திருந்தியவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பது, காவலர்களைக் கொண்டு பாடம் நடத்துவது. நம் ஜூன் 26 நிகழ்ச்சி நிரலை அப்படியே படிப்பதுபோல் இருக்கிறது. அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் சீருடையணிந்த காவலர்கள் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார்கள். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது, பெற்றோருக்கும் பிடித்திருந்தது. போதைப் பழக்கம் குறையவில்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னதால் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டிவந்தது.

பலன் தருவது எது என்றும் அந்தத் தரநிலைகள் சொல்கின்றன. பயிற்சி பெற்ற ஆசிரியர் வாரம் ஒருமுறையாகப் பத்துப் பதினைந்து வகுப்புகள் நடத்துவது. பிள்ளைகளைப் பேசவைத்து, நடித்துப் பார்க்கவைத்து, கோபத்தையும் ஏமாற்றத்தையும் கையாளப் பழக்குவது. மறு ஆண்டு அதை நினைவூட்டுவது. பிள்ளை வளர்ப்பில் பெற்றோருக்குத் துணை நிற்பது. கூடவே, பிள்ளை பள்ளியை விட்டு நிற்காமல் பார்த்துக்கொள்வது.

'வேண்டாம்' என்று சொல்லப் பழக்குவதில் நம் மலைக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டுப் பாடத்தில் போதையை நீட்டுகிறவன் தெருமுனையில் நிற்கும் யாரோ. இங்கே நீட்டுகிறவர் திருவிழாவிலோ கல்யாண வீட்டிலோ சொந்த மாமன். 'அட, பெரிய மனுசன் ஆயிட்டே, ஒரு வாய் குடிடா' என்பது பாசத்தின் பேச்சு. மறுத்தால் மாமனை மதிக்கவில்லை என்றாகிவிடும். முறை உறவு கெடாமல், சிரித்துக்கொண்டே, 'எனக்கு நாளைக்கு ஓட்டப்பந்தயம் இருக்கு மாமா' என்று நழுவத் தெரிவது ஒரு கலை. அதைத்தான் வகுப்பில் நடித்துப் பார்க்க வேண்டும், நம் பேச்சில், நம் உறவுமுறையில். கூடவே அந்த மாமனுக்கும் ஊர்க்கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் கீழான பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுத்தால், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பலருக்கு இது தெரியாது.

சாராயம் ஒன்றே பிரச்சினை என்று நினைத்துவிடவும் கூடாது. சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வில், முகர்ந்து போதையேற்றும் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 சதவீதம், சிறுவர்களிடம் 1.17 சதவீதம். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் ஒயிட்னரும் பெட்டிக்கடையிலேயே கிடைப்பவை. உதட்டுக்குள் வைக்கும் 'கூல் லிப்' புகையிலை பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவது பற்றி 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலை தெரிவித்தது.

சாராயம் கல்வராயன் மலைக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். மலையாளிப் பழங்குடிகள் வாழும் இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. சுதந்திரம் வந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்துத்தான் சாலை, பள்ளி, மருத்துவமனை என்ற கணக்கே இங்கே தொடங்கியது. நிலமும் வேலையும் சரியாக அமையாத இடத்தில் ஊறல் பேரல் சிலருக்குப் பிழைப்பானது. வேறு பலர் வேலை தேடி வெளிமாநிலம் போகிறார்கள், பிள்ளைகள் பாட்டியிடமோ விடுதியிலோ நிற்கிறார்கள். கருணாபுரத்துக்குப் பிறகு, இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாராயத்தையும் சாலையையும் சேர்த்துப் பார்த்த அந்தப் பார்வை சரியானது. அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளையிடம் மனநலம் பேசி என்ன பயன்?

பிழைப்போடு பிள்ளைகளின் மாலை நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஐஸ்லாந்தில் 1998-ல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். அங்கே சாதித்தது பிரசாரம் இல்லை. மாலை நேரத்தில் விளையாட்டு, இசை, நடனம் எல்லாவற்றுக்கும் பயிற்சியாளர் வைத்தார்கள்; கட்டணத்துக்கு நகராட்சி பணம் கொடுத்தது; பெற்றோர் ஊர் ஊராகக் கூடி, பிள்ளைகள் இரவில் எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். பணக்கார நாடு, நமக்கு ஒத்துவராது என்று தள்ளிவிடலாம். வெள்ளிமலைப் பிள்ளைகளுக்கு மலையேறி இறங்கிய கால்கள் இருக்கின்றன. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் மண் இருக்கிறது. இல்லாதது மணி அடித்த பிறகு மைதானத்தில் நிற்கும் ஒரு பயிற்சியாளர்.

குடிக்கும் தகப்பனை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் காப்பாற்றவும் முடியாது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் பல ஆண்டுகளாகக் கிராம முகாம் நடத்திக் காட்டியது. நோயாளி நகரத்து மருத்துவமனைக்குப் போகாமல், சிகிச்சை ஊருக்கே வந்தது. மனைவியும் குடும்பமும் அதில் பங்கெடுத்தார்கள். கல்வராயன் மலைக்கு இப்படி ஒரு முகாம் வர வேண்டும் என்று உரக்கக் கேட்கிறேன். கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

மனநல உதவிக்கு 14416, போதை மீட்புக்கு 14446, குழந்தைகளுக்கு 1098 என்று எண்கள் உண்டு. பள்ளிச் சுவரில் பெயின்ட் அடித்து எழுதலாம், எழுத வேண்டும். செல்போன் சிக்னல் எட்டாத ஊர்ப் பிள்ளைக்கு எண்ணைவிட ஆள் முக்கியம். உண்டு உறைவிடப் பள்ளியின் விடுதிக் காப்பாளர், இரவில் சாப்பாடு போடும் சமையலர், வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியர் ஆகிய மூவரும் பிள்ளை வாடியிருப்பதை முதலில் பார்ப்பவர்கள். அப்பா குடிப்பது உன் தவறில்லை என்று எப்படிச் சொல்வது, எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்று அவர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும் முன், மே மாத விடுமுறையிலேயே அதை முடித்துவிடலாம்.