நடுக்கடலில் உடல் படும் பாடு

கப்பல் உடைந்து கடலில் தத்தளிக்கும் கதாநாயகன் சினிமாவில் முதலில் தேடுவது சாப்பாட்டைத்தான். அடுத்த காட்சியில் மீனைப் பச்சையாகக் கடித்துக்கொண்டிருப்பான். நிஜக் கடலில் பசிக்குக் கடைசி இடம். வெறும் வயிற்றோடு மனிதன் வாரக்கணக்கில் தாக்குப்பிடிப்பான். அதற்கு வெகு முன்னாலேயே மூச்சும் குளிரும் தாகமும் அவனை முடித்துவிடக்கூடும். நாட்கணக்கில் மீன்பிடிக்கத் தங்குகடலுக்குப் போகிறவர்களும், சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் இந்த வரிசையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதல் நிமிடம்

15 டிகிரிக்கும் குறைவான குளிர்நீரில் சட்டென்று விழுந்தால், நாம் நினைக்காமலேயே வாய் பிளந்து 'ஹக்' என்று பெரிதாக மூச்சை இழுக்கும். அந்த நொடியில் தலை தண்ணீருக்கு அடியில் இருந்தால் நுரையீரலுக்குள் போவது கடல்நீர். தொடர்ந்து மேல்மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்கள் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட், பனிநீரில் தானே இறங்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. மூச்சு நிதானத்துக்கு வர 1 நிமிடம். கை கால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். ஆகவே விழுந்தவுடன் நீந்தத் தொடங்காதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சு சீராகும்வரை பொறுங்கள். கயிறு கட்டுவது, ஜாக்கெட் வாரை இழுத்துப் பூட்டுவது போன்ற விரல் வேலைகளை அடுத்த பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் விரல்கள் மரக்கட்டைதான்.

மிதந்தபடியே சாவது

1912இல் டைட்டானிக் மூழ்கியபோது கடல்நீரின் வெப்பம் சுமார் மைனஸ் 2 டிகிரி. நீரில் விழுந்தவர்களில் பலர் உயிர்காப்பு ஜாக்கெட் அணிந்திருந்தார்கள். மூழ்காமல் மிதந்தபடியே குளிரில் இறந்தார்கள். கப்பல் மூழ்கி ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து கார்பாத்தியா வந்தபோது, நீரில் கிடந்தவர்களுக்குக் காலம் கடந்திருந்தது.

வங்கக் கடலில் பனி ஏது என்று கேட்கலாம். காற்றைவிடத் தண்ணீர் உடல்சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். 28 டிகிரி நீரும் நம் 37 டிகிரி உடம்புக்குக் குளிர்தான். பனிநீர் நிமிடங்களில் செய்வதை அது மணிக்கணக்கில் செய்யும்.

அதனால் சட்டையைக் கழற்றி வீசாதீர்கள். துணிக்குள் தேங்கும் நீர் கொஞ்சமாவது சூட்டைக் காக்கும். ஜாக்கெட் போட்டிருந்தால் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். பலர் இருந்தால் கட்டிப்பிடித்து ஒரே கூட்டமாக மிதக்கலாம். படகு கவிழ்ந்தாலும் அதைவிட்டு நீந்திப் போகாதீர்கள். உடம்பில் எவ்வளவு பகுதியை அதன்மேல் ஏற்ற முடியுமோ அவ்வளவு நல்லது. தேடி வருபவர் கண்ணுக்கு மனிதத் தலையைவிடக் கவிழ்ந்த படகு முதலில் தெரியும். 2017இல் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் சிலர் தப்பியது, கவிழ்ந்த படகைப் பிடியை விடாமல் பற்றிக் கிடந்ததால்தான்.

வேலைக்கு இடைஞ்சல் என்று ஜாக்கெட்டைப் படகின் மூலையில் போட்டுவைப்பது நம் கரையில் வழக்கம். அந்த எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் அலையில் விழுந்தபிறகு அதைத் தேடி மாட்ட முடியாது.

கடல்நீர் என்ற பொறி

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு செறிவாகச் சிறுநீரை ஆக்க முடியாது. ஒரு லிட்டர் குடித்தால் அதன் உப்பைக் கழுவித் தள்ள ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். மீதி அரை லிட்டர் உங்கள் ரத்தத்திலிருந்தும் சதையிலிருந்தும் வரும். தாகம் கூடும், பிறகு பேதலிப்பு. இல்லாத கரையைக் கண்டு கடலில் இறங்கி நடக்கப் போனவர்கள் உண்டு. இரண்டாம் உலகப்போரில் உயிர்ப்படகுகளில் தப்பிய மாலுமிகளைப் பற்றிய பிரிட்டிஷ் ஆய்வில், கடல்நீர் குடிக்கப்பட்ட படகுகளில் இருந்தவர்களில் சுமார் 39 சதவீதம் பேர் இறந்தார்கள். குடிக்காத படகுகளில் 3 சதவீதம்.

காயமில்லாதவர் முதல் 24 மணி நேரம் எதையும் குடிக்காமல் இருப்பது வழக்கமான அறிவுரை. உடம்பில் அப்போது நீர் போதுமான அளவு இருக்கும். குடித்தால் அப்படியே சிறுநீராகப் போய்விடும். பிறகு நாளுக்கு அரை லிட்டர். குமட்டல் மாத்திரை இருந்தால் படகில் ஏறியவுடனே போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை வாந்தி எடுத்தால் போவதும் தண்ணீர்தான். பகலில் நிழல் கட்டி, துணியைக் கடல்நீரில் நனைத்துப் போர்த்தினால் வியர்வை மிச்சம். பொழுது சாயுமுன் அதைக் காயவைத்துவிடுங்கள்.

குடிக்க நீர் இல்லையென்றால் மீனையும் தொடாதீர்கள். புரதம் செரித்தால் யூரியா சேரும். அதை வெளியேற்றவும் நீர் வேண்டும். உயிர்ப்படகுகளில் மாவும் சர்க்கரையுமான பிஸ்கட்டுகளை வைப்பதில் இந்தக் கணக்கும் உண்டு.

1972இல் டூகல் ராபர்ட்சன் குடும்பத்தின் பாய்மரப்படகைக் கலாபகஸ் தீவுகளுக்கு மேற்கே கொலைத்திமிங்கிலங்கள் முட்டி உடைத்தன. ஆறு பேர், 38 நாட்கள். சிறுபடகின் அடியில் மழைநீர் தேங்கியிருந்தது. ஆனால் ஆமை ரத்தமும் கழிவும் கலந்து நாறியது. வாயில் வைத்தால் குமட்டும். டூகலின் மனைவி லின் நர்ஸ். அவர் ஒரு குழாயைச் செய்து அந்த நீரை எனிமாவாக ஏற்றினார். பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டது. ஆறு பேரும் பிழைத்தார்கள். கடல்நீரில் இதைச் செய்யக்கூடாது. குடல்வழி போனாலும் உப்பு உப்புதான்.

மீட்கும்போது வரும் ஆபத்து

மணிக்கணக்காக மிதந்தவரை அக்குளில் கைகொடுத்து நேராகத் தூக்குவார்கள். படகில் கால் வைத்ததும் அவர் சுருண்டு விழுவார். சிலர் அங்கேயே இறந்தும் போவார்கள். நீரில் இருக்கும்போது தண்ணீரின் அழுத்தம் கால்களை இறுக்கி ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். வெளியே வந்ததும் அந்த இறுக்கம் போய், ரத்தம் காலுக்கு இறங்கி, இதயம் வெறுமையாகத் துடிக்கும். முடிந்தவரை படுக்கைவாக்கில் ஏற்றுங்கள். மீனவர் கையில் அதற்கு நல்ல கருவி இருக்கிறது: வலையின் ஓரத்தைப் படகில் கட்டி, ஆளை அதற்குள் கிடத்தி, மறுஓரத்தை இழுத்தால் அவர் உருண்டு உள்ளே வந்துவிடுவார். ஆபத்து என்றதும் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழையுங்கள்.

ஏற்றியபின் ஈரத்துணியை மாற்றிப் போர்த்துங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம். சூடு ஏறட்டும் என்று சாராயம் கொடுக்கவே வேண்டாம், அது தோலின் நாளங்களை விரித்து மிச்சச் சூட்டையும் வெளியேற்றும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாகச் சோறு போட்டாலும் ஆபத்து. ரத்தத்தின் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயம் தடுமாறும். நீராகாரம், கஞ்சி எனக் கொஞ்சம் கொஞ்சமாக, மருத்துவர் கண்பார்வையில்.

இதையெல்லாம் தாண்டி வந்தவரும் உண்டு. 1942 நவம்பரில் பென்லோமண்ட் கப்பல் தாக்கப்பட்டபோது தப்பிய சீனப் பணியாளர் பூன் லிம், ஒரு மிதவையில் தனியாக 133 நாட்கள் கிடந்தார். டார்ச் விளக்கின் கம்பியை வளைத்துத் தூண்டில்முள், சணல்கயிற்றின் இழையைப் பிரித்து நரம்பு, ஜாக்கெட்டின் கித்தானில் மழைநீர். அவருக்கு நீச்சல் சரியாக வராது. மணிக்கட்டில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கடல் அமைதியான நாட்களில் மிதவையைச் சுற்றி நீந்தி, தசை வற்றாமல் பார்த்துக்கொண்டார். 1943 ஏப்ரலில் பிரேசில் மீனவர்கள் கண்டெடுத்துக் கரை சேர்த்தபோது, ஒன்பது கிலோ இளைத்திருந்தவர் யார் தோளையும் பிடிக்காமல் நடந்தார்.