ஈகிள்ஸின் பத்துப் பாட்டு

பாலில் நீரைச் சேர்ப்பதும் கலப்பே. பொன்னில் செம்பைச் சேர்ப்பதும் கலப்பே. முன்னது ஏமாற்று. பின்னது இல்லையேல் அணிகலனே இல்லை. இசையில் நேரும் கலப்பு இவ்விரண்டில் எவ்வகை? இவ்வாறு கேட்கும் நண்பர்க்கு நான் ஓர் இசைத்தட்டைக் காட்டுவேன். அமெரிக்காவின் ஈகிள்ஸ் குழுவினர் 1971 முதல் 1975 வரை பாடிப் புகழ்பெற்ற பத்துப் பாடல்களின் தொகுப்பு அது. 1976 பிப்ரவரியில் வெளிவந்தது.

அமெரிக்க நாட்டுப்புறத்தில் பிறந்தது கன்ட்ரி இசை. பாஞ்சோ, பிடில் முதலிய கருவிகளோடு எளிய மக்களின் கதையைச் சொல்வது அது. ராக் இசையோ மின்கிதாரும் டிரம்ஸும் அதிர எழுவது. இவ்விரண்டையும் இணைக்க முயன்றவர் ஈகிள்ஸுக்கு முன்பும் இருந்தனர். ஆயினும் 1971இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒன்றுகூடிய இந்நால்வர்க்குத் தனியொரு வாய்ப்பு அமைந்தது. கிளென் பிரை டெட்ராயிட் என்னும் தொழில் நகரத்தவர். டான் ஹென்லி டெக்சாஸின் சிற்றூரில் வளர்ந்தவர். ராண்டி மைஸ்னர் நெப்ராஸ்காவிலிருந்து வந்தவர். பெர்னி லெடன் பாஞ்சோவில் கைதேர்ந்தவர். குழுவிலேயே கலப்பு இருந்தது; பாட்டில் அது வராமல் போகுமா?

தொகை நூல்கள் நமக்குப் புதியன அல்ல. தனித்தனியே கேட்டபோது தோன்றாத ஒன்று, பாடல்களை அடுத்தடுத்து வைக்கும்போது தோன்றும். இத்தட்டில் பாடல்கள் கால வரிசையில் இல்லை. இரண்டாம் பக்கத்தின் முதற்பாட்டு, 1975இல் வந்த 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்'. பேஸ் கிதாரின் கனத்த நடையோடு தொடங்கும் இப்பாட்டில் கறுப்பின மக்களின் சோல் இசையின் சாயல் ஓங்கி நிற்கும். அது முடிந்ததும் வருவது 1973இன் 'டெக்கீலா சன்ரைஸ்'. மென்மையான கிதாரும் தளர்ந்த நடையும் கொண்ட கன்ட்ரிப் பாட்டு அது. அதனை அடுத்து 'டேக் இட் டு தி லிமிட்'. மூன்றெண்ணிக்கை நடையில் மெல்லச் சென்று, மைஸ்னரின் குரல் உச்சத்தைத் தொடும்போது நிறைவுறும் பாட்டு.

இம்மூன்றையும் ஒரே குழுவின் பாட்டு என்று எதனால் அறிகிறோம்? தாளம் மாறுகிறது, கருவி மாறுகிறது, முதற்குரல்கூட மாறுகிறது. மாறாதது ஒன்றே. அதுதான் கூட்டுக்குரல். ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர் அதற்கு இயைந்த வேறு சுரங்களில் உடன்பாடும் முறை அது. அந்தக் குரல்கள் சேர்ந்து எழும் இடத்தில் 'இவர்கள் ஈகிள்ஸ்' என்று நம் செவி சொல்லிவிடும். அடித்தளம் உறுதியாக இருப்பதனால்தான் மேலே எதை வைத்துக் கட்டினாலும் சரிவதில்லை. 'லையின் ஐஸ்' பாட்டு 1975இல் பொது வரிசையில் இரண்டாம் இடமும், கன்ட்ரி வரிசையில் எட்டாம் இடமும் பெற்றது. இருசாராரும் அதைத் தம் பாட்டென ஏற்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இக்கலப்புக்கு விலையும் உண்டு. குழு ராக் பக்கம் மேலும் மேலும் சாய்ந்துவந்த நாளில், 1975 இறுதியில், லெடன் விலகினார். பாஞ்சோவும் அவரோடு போயிற்று. அவருக்குப் பின் வந்தவர் ராக் கிதாரில் பெயர்பெற்ற ஜோ வால்ஷ். புகழ்மிக்க 'ஹோட்டல் கலிபோர்னியா' இத்தொகுப்பில் இல்லை. அது 1976 டிசம்பரில்தான் வெளிவந்தது. ஆகவே இந்தப் பத்துப் பாட்டும், தராசின் இரு தட்டும் ஏறத்தாழச் சமமாக நின்ற காலத்தின் பாட்டுகள். இத்தொகுப்பின் கவர்ச்சி அதில்தான் இருக்கிறது என்பேன்.

தொகுப்புத் தட்டு வணிகச் சரக்குத்தானே என்பார் உண்டு. உண்மைதான். அமெரிக்காவில் பிளாட்டினம் சான்று பெற்ற முதல் தொகுப்பு இதுவே. 2018இல் அங்கு 3 கோடியே 80 லட்சம் பிரதிகளுக்கான சான்றைப் பெற்று, மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' தட்டையும் முந்தியது. ஆனால் வணிகர் அடுக்கினார் என்பதால் பாட்டின் சுவை குன்றிவிடாது.

ஊர்விட்டு வந்து பல மொழிகளுக்கு நடுவே பயிலும் நமக்கு, கலந்தால் கரைந்துவிடுவோமோ என்னும் அச்சம் அவ்வப்போது எழத்தான் செய்கிறது. கலப்பது குற்றமன்று, எதனை விடாமல் பற்றியிருக்கிறோம் என்பதே கேள்வி. பிறரிடமிருந்து தாளத்தைக் கொள்ளுங்கள், கருவியைக் கொள்ளுங்கள். கூடிப் பாடும் குரலை மட்டும் கைவிடாதீர்கள். ஐயமிருந்தால் அந்த இரண்டாம் பக்கத்தின் முதல் மூன்று பாட்டுகளை இடைவிடாமல் கேட்டுப் பாருங்கள்.