பனையடியில் பிறந்த பணியாரம்

யாழ்ப்பாண நகருக்கு வடகிழக்கே, நல்லூரை அடுத்து அமைந்த பழைய ஊர் திருநெல்வேலி. ஊரவர் நாவில் அது தின்னவேலி. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டு நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியும், அவ்வளாகத்தில் 1974ஆம் ஆண்டு தோன்றிய பல்கலைக்கழகமும் இவ்வூருக்குக் கல்விப் புகழ் தந்தன. அயலூர்த் தோட்டங்களின் விளைபொருள்கள் வந்து சேரும் சந்தை அதற்கு வாணிபப் புகழ் தந்தது.

பழைய இனிப்புப் பண்டங்களை நாடி இங்கு வருபவர், இனிப்புக்கடைகள் நிரையாக நிற்கும் தெருவொன்றைத் தேடினால் ஏமாற்றமே அடைவர். யாழ்ப்பாணத்துப் பணியாரங்கள் அடுக்களையிலே, மாதமும் சடங்கும் பார்த்துச் செய்யப்பெற்றவை. ஆகவே, அவற்றைத் தேடுவோர் தெருவின் பெயரைக் கேட்பதிலும் பார்க்க மாதத்தின் பெயரைக் கேட்பதே தகும்.

ஆடி முதல் நாள் ஆடிப்பிறப்பு. அன்று வறுத்த அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி ஆகியன சேர்த்துக் கூழ் காய்ச்சுவர், கொழுக்கட்டையும் அவிப்பர். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இக்கூழையும் கொழுக்கட்டையையும் பாடிச் சிறுவர் நெஞ்சில் நிலைபெறச் செய்தார். பனம்பழம் விழுங்காலம் வந்ததும் பனங்காய்ப் பணியாரம் வந்துவிடும். பழத்தைச் சுட்டுப் பிசைந்து களியெடுத்து, காறல் நீங்கக் காய்ச்சி, மாவும் சீனியும் கூட்டிச் சிறு உருண்டைகளாக எண்ணெயிலிடுவர். எஞ்சிய களி பாயிலே காய்ந்து பனாட்டாகும். தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் பயற்றம் பணியாரம், அரியதரம் முதலியன உண்டு. குழந்தைக்குப் பல் முளைத்தால், தேங்காய்ச் சொட்டைப் பல்போலப் பதித்த பல்லுக்கொழுக்கட்டை செய்து மகிழ்வர்.

இவற்றுள் பலவற்றுக்கு ஆதாரம் பனையே. சுண்ணாம்பு பூசிய முட்டியிற் சேரும் பாளைச்சாறு புளியாது கருப்பநீராக நிற்கும். அதனைத் தெளியவைத்து, பாகு பதம் வரும்வரை காய்ச்சி, ஓலையால் இழைத்த சிறு குட்டான்களில் வார்த்தால் பனங்கட்டியாகும். கொள்கலமும் பனை, கொண்ட பொருளும் பனை. சுவையறிந்தோர் தேநீரிற் சீனியிடாது, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே அதனைப் பருகுவர்.

இவ்வினிப்பு இன்று அருகி வருகிறது. போர்க்காலத்திலே பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பனைகள் பெருமளவில் தறிக்கப்பட்டன. மரமேறும் தொழில் கடினமும் ஆபத்தும் மிக்கது. அத்தொழிலாளரைச் சமூகம் நெடுங்காலம் இழிவாகவே நடத்தியது. அவர் இறக்கிய சாற்றின் இனிமையை விரும்பியோர், அவருக்குரிய மதிப்பை அளிக்கத் தவறினர். அவர்தம் பிள்ளைகள் வேறு தொழில்களை நாடுவதிற் குற்றம் யாது? பனங்கட்டியின் இடத்திலே கடைச்சீனி எளிதாக வந்து அமர்ந்தது. 1978ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற பனை அபிவிருத்திச் சபை இக்கைத்தொழிலைப் பேண முயன்று வருகிறது. எனினும், ஏறுவோர் இல்லையேல் சபை மட்டும் என் செய்யும்?

பணியாரத்தின் பக்குவத்தை ஏட்டில் எழுதிக் காப்பது எளிது. அதன் சுவை நிலைக்க வேண்டுமாயின், பனை நடப்படவேண்டும். பனையேறும் கைகளுக்குத் தக்க ஊதியமும் மதிப்பும் கிடைக்கவேண்டும். சந்தையிலே ஒரு குட்டான் பனங்கட்டியை வாங்குபவர் விலை பேசுமுன், அது எத்தனை உயரத்திலிருந்து இறங்கி வந்தது என்பதை ஒருகணம் எண்ணுதல் நன்று.